மாப்பிள்ளை விசாரிக்கப் போய் மெயினைப் பிடுங்கிய கதை

மேடையில் நின்ற மூன்று பேரும் ரிப்பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்றுதான் நான் நம்பினேன். ஐந்து பத்து நிமிடம் இல்லை, முழுசாக முக்கால் மணி நேரம். "பாவம், சீக்கிரம் சரி பண்ணிப்போட்டுப் பாட்ட ஆரம்பிச்சா நல்லா இருக்கும்" என்று பக்கத்து டேபிள்காரரிடம் வேறு சொன்னேன். அவர் கண்ணை மூடித் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். கண்ணைத் திறந்து என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, நாற்காலியை அரை அடி தள்ளிப் போட்டுக்கொண்டார். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

நான் அப்படி நம்பியதில் தொழில்முறை நியாயம் இருந்தது. (என் பக்க நியாயத்தை நான் சொல்லாவிட்டால் வேறு யாரும் சொல்லப்போவதில்லை.) ராசிபுரத்தில் மோட்டாருக்குக் காயில் கட்டும் பட்டறை வைத்திருக்கிறேன். கிணற்று மோட்டார், தறி மோட்டார், கோழித்தீவன மில் மோட்டார், எது எரிந்தாலும் என்னிடம் வரும். ஊரில் எதுவும் எரியவில்லை என்றால் என் வீட்டில் அடுப்பு எரியாது. அந்த மேடையில் ஒரு மேசை. மேசை நிறைய ஒயர். வரிசையாகத் திருகு வைத்த பெட்டிகள், இரண்டு லேப்டாப். பையன்கள் குனிந்து ஒன்றைத் திருகுவதும், முகத்தைச் சுளிப்பதும், ஒரு ஒயரைப் பிடுங்கி வேறு ஓட்டையில் சொருகுவதுமாக இருந்தார்கள். ஸ்பீக்கரில் பேரிங் போன மோட்டார் மாதிரி ஒரு கடகடப்பு. என் பட்டறையில் தினமும் நடப்பது இதேதான். என்ன, பட்டறையில் யாரும் கை தட்டுவதில்லை.

எனக்கு அங்கே என்ன வேலை என்று கேட்பீர்கள். அக்கா மகள் சௌமியாவுக்கு ஒரு வரன் வந்திருந்தது. பையன் பெயர் நவீன், சேலத்தில் ஆஸ்பத்திரி ஸ்கேன் மெஷின்களைப் பழுது பார்க்கும் வேலை. ஜாதகம் பொருந்தியது. சம்பளம் பொருந்தியது. மூன்று வாரமாகப் போனில் பேசிப் பேசி அவர்கள் இரண்டு பேருமே பொருந்திவிட்டார்கள். திங்கட்கிழமை பூ வைத்து உறுதி செய்வதாகப் பேச்சு. அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை யாரோ ஒரு புண்ணியவான் அக்கா காதில், "பையன் சனிக்கெழமையானா பாருல கொட்டடிக்கிறானாம்" என்று போட்டுவிட்டார்.

அக்கா உடனே எனக்குப் போன் போட்டாள்.

"மணி, நீ தாய்மாமன். நேருல போயிப் பாத்துப்போட்டு வந்து ஒரு வார்த்த சொல்லு சாமி. நீ சரின்னா பூ வெப்போம். வேண்டாம்னா அத்தோட உட்டுரலாம்."

"பாருக்கா அக்கா போகச் சொல்ற?"

"ஏன், உனக்கு வழி தெரியாதாக்கும்?"

அதற்குள் சௌமியா போனை வாங்கிக்கொண்டாள். "மாமா, நல்லாப் பாருங்க. ஆனா பாத்தத மட்டும் சொல்லுங்க" என்றாள். சிரிக்காமல்தான் சொன்னாள். ஒரு பெண்ணின் கல்யாணம் என் நாக்கில் தொங்குகிறது என்று அப்போதுதான் கொஞ்சம் பயம் வந்தது. பயம் வந்தால் எனக்குப் பெருமையும் கூடவே வந்துவிடும். அதுதான் என் வியாதி.

எங்கள் பக்கம் மாப்பிள்ளை விசாரிப்பது ஒரு தனிக் கலை. பையன் வீட்டில் கேட்கக் கூடாது. அவன் முடி வெட்டிக்கொள்ளும் சலூன், டீக்கடை, மளிகைக்கடை, அவர்களோடு வரப்புத் தகராறு உள்ள பக்கத்துத் தோட்டத்துக்காரர், இந்த நான்கு இடத்தில் கேட்டால் போதும். கேட்க வந்தது யாரென்று மட்டும் தெரியக் கூடாது. நான் இதுவரை ஏழு பேரை விசாரித்தவன். (அதில் இரண்டு பேரை ஆகாது என்று சொன்னேன். இரண்டு பேரும் இன்று என்னைவிட நன்றாக இருக்கிறார்கள்.)

வேட்டி, வெள்ளைச் சட்டையில் போனால் மாமன் என்று நெற்றியில் எழுதி ஒட்டியது மாதிரி ஆகிவிடும். அதனால் மகனுடைய பேண்ட் ஒன்றை எடுத்து மாட்டினேன். தொடையில், முழங்காலில் எல்லாம் பை வைத்த பேண்ட். மேலே மண்டையோடு போட்ட டீசர்ட். என் மனைவி கதவு நிலையில் சாய்ந்து நின்று பார்த்தாள்.

"ஏனுங்க, மாப்பிள்ளை பாக்கப் போறீங்களா, மாப்பிள்ளையாப் போறீங்களா?"

துணைக்குத் திருச்செங்கோட்டுப் பொன்னுசாமியைக் கூப்பிட்டேன். ரிக் வண்டி வைத்து ஊர் ஊராகத் தண்ணீருக்குப் போர் போடுகிறவர். முப்பது வருடம் கம்ப்ரசர் பக்கத்தில் நின்றதில் காது முக்கால்வாசி போய்விட்டது. தனக்குக் கேட்கும் அளவுக்குத்தான் பேசுவார். அதாவது அடுத்த தெருவுக்குக் கேட்கும். ரகசிய வேலைக்கு இப்படிப்பட்ட ஆளைக் கூட்டிப்போன என் புத்தியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

அஞ்சு ரோடு பக்கத்தில் பழைய ஹோட்டல். நாலாவது மாடியில் பார். வாசலில் வைத்திருந்த பலகையில் 'பரிசோதனை முறை எலக்ட்ரானிக் தாள இசை, மாலை ஆறரை' என்று இருந்தது. உள்ளே போனதும் ஒரு சிப்பந்தி, "வாங்க சார், இந்த டேபிள்" என்று மேடைக்கு நேர் எதிரில் உட்கார வைத்தார். நமக்கு இவ்வளவு மரியாதையா என்று நான் சந்தேகப்படவில்லை. டீசர்ட் வேலை செய்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

பையன் குடிக்கிறானா என்று பார்ப்பதுதான் முதல் வேலை. பார்க்கிறவன் சும்மா உட்கார்ந்திருந்தால் சந்தேகம் வரும் அல்லவா? ஆளுக்கு ஒரு பீர் சொன்னோம். அது தீர்ந்ததும் மறுபடி சந்தேகம் வந்துவிடக் கூடாதே என்று இன்னொன்று. நவீன் கருப்புச் சட்டையில் ஒல்லியாக நடுவில் நின்றிருந்தான். பக்கத்தில் ஒரு தண்ணீர் பாட்டில். அதைத் தவிர எதையும் தொடவில்லை.

முக்கால் மணி நேரம் கழித்து எல்லோரும் எழுந்து கை தட்டினார்கள். நான் சிப்பந்தியைக் கூப்பிட்டு, "ரிப்பேர் முடிஞ்சுதுங்களா?" என்று கேட்டேன்.

"முதல் பாட்டு முடிஞ்சுது சார்."

எனக்குக் காது மடல் சுட்டது. பொன்னுசாமியிடம் குனிந்து, "பங்காளி, இதாம்பா பாட்டாமா" என்றேன்.

"நல்லாத்தான் இருக்குது" என்றார் அவர், பார் முழுக்கக் கேட்கும்படி. "எரநூறு அடியில கருங்கல்லு வந்தா இப்பிடித்தான் அடிக்கும். நெஞ்சுல வந்து விழுகுது பாரு."

எனக்கு நெஞ்சிலும் விழவில்லை, காதிலும் நிற்கவில்லை. ஒரு தாளம் ஆரம்பிக்கும், நாம் காலை ஆட்டப் போவோம், காலை வாரிவிட்டு அது வேறு பக்கம் ஓடும். சுற்றி இருபது வயசுப் பிள்ளைகள் சொக்கிப்போய் உட்கார்ந்திருக்க, நான் மட்டும் நாலாங்கிளாஸ் கணக்குப் பரீட்சையில் உட்கார்ந்த மாதிரி இருந்தேன். அக்காவிடம் போய் என்ன சொல்வது? புரியவில்லை என்று சொன்னால் தாய்மாமனுக்கு என்ன மரியாதை?

"பங்காளி, வேண்டாம்னு சொல்லிப்போடலாம்" என்றேன்.

"ஏப்பா, பையன் தண்ணிதான குடிக்கிறான்?"

"பாட்டு வெளங்கலையே."

"அதுக்கும் இதுக்கும் என்னப்பா?"

"புரியலைன்னு அக்காகிட்ட எப்பிடிச் சொல்றது? பையன் சரியில்லைன்னு சொல்றது சுளுவு."

இதை நான் சொன்னேன். இன்றைக்கு எழுதும்போது கை கூசுகிறது, ஆனால் சொன்னேன். ஒரு பெண்ணின் மூன்று வாரப் பேச்சை, என் அரை மணி நேர வெட்கத்துக்காக முறித்துவிடத் தயாராக இருந்தேன். பொன்னுசாமி பதில் சொல்வதற்குள் அவருக்குப் போர் போடும் இடத்திலிருந்து போன் வந்தது. "கீழ போயிப் பேசிட்டு வாரேன்" என்று லிஃப்டுக்குப் போனார்.

கால் மணி நேரம் போயிருக்கும். அப்போதுதான் அந்தச் சத்தம் வந்தது.

மூன்று பேஸ் கரண்ட்டில் ஓட வேண்டிய மோட்டாருக்கு ஒரு பேஸ் வராமல் போனால், அது சுற்ற முடியாமல் உறுமும். எருமை தண்ணீருக்குள் படுத்து முனகுவது மாதிரி அடித்தொண்டைச் சத்தம். அடுத்த இரண்டு நிமிடத்தில் நிறுத்தாவிட்டால் காயில் கருகிவிடும். கொலைகாரனைப் போலீஸ்காரனுக்குத் தெரிவது மாதிரி இந்தச் சத்தம் எனக்குத் தெரியும். அது எங்கிருந்து வருகிறது என்று பார்த்தேன். பாரின் மூலையில் லிஃப்ட். அதற்கு மேலே லிஃப்ட் மோட்டார் ரூம். லிஃப்டில் பொன்னுசாமி வந்துகொண்டிருப்பார். மேடைப் பக்கம் புகை வேறு கிளம்பியது. (மேடை அழகுக்காக மெஷின் வைத்து விட்ட புகை என்று பிற்பாடு சொன்னார்கள்.) கருகிய வார்னிஷ் வாடை அடித்ததாகக் கற்பூரம் அணைத்துச் சத்தியம் பண்ணியிருப்பேன்.

எழுந்து ஓடினேன். பாத்ரூமுக்குப் பக்கத்துச் சந்தில் மெயின் போர்டு இருந்தது. லிஃப்டுக்கு ஒன்று, பாருக்கு ஒன்று. எது எதற்கு என்று எழுதியிருக்கவில்லை. இரண்டையும் இறக்கினேன்.

பார் இருண்டது. சத்தம் நின்றது. பார்த்தாயா, நின்றுவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஸ்பீக்கருக்கும் கரண்ட் போனால் பாட்டும் நிற்கும் என்பது மோட்டார் மெக்கானிக்கின் மூளைக்கு எட்டவில்லை.

மெயினை இறக்கினால் மட்டும் எங்கள் தொழிலில் போதாது. ஃப்யூஸ் கம்பி கட்டிய பீஸ் கட்டைகளைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். நாம் கையை உள்ளே விட்டிருக்கும் நேரம் பார்த்து எவனாவது வந்து மெயினைத் தூக்கிவிடுவான். கட்டை நம் பையில் இருந்தால் நம் உயிர் நம் பையில் இருக்கிறது என்று அர்த்தம். டீசர்ட்டில் பை இல்லை. ஆறு பீங்கான் கட்டைகளையும் பேண்ட்டில் கை போன இடத்திலெல்லாம் ஒவ்வொன்றாகத் திணித்துக்கொண்டு, இரும்பு ஏணியில் லிஃப்ட் ரூமுக்கு ஏறினேன். கீழே ஜெனரேட்டர் ஓட ஆரம்பித்த சத்தம் கேட்டது. ஓடி என்ன பயன், கட்டை இல்லாமல் கரண்ட் மேலே வராது. அரைகுறை ஆளாக இருந்திருந்தால் ஒரு நிமிடத்தில் எல்லாம் சரியாகியிருக்கும். நான் முழுசாகத் தொழில் தெரிந்தவன்.

பாரில் கை தட்டல் கேட்டது. இருட்டும் பாட்டில் சேர்த்தி என்று நினைத்துவிட்டார்கள்.

செல்போன் வெளிச்சத்தில் மோட்டார் மேல் கை வைத்துப் பார்த்தேன். ஓடுகிற மோட்டாருக்கு உண்டான வெதுவெதுப்புதான். காய்ச்சலே இல்லை. குழம்பிப்போய் நிற்கும்போது தரையிலிருந்து பொன்னுசாமி பேசினார். லிஃப்ட் கயிறு இறங்கும் ஓட்டை வழியாக அவர் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது மாதிரி ஏறி வந்தது. லிஃப்ட் மூன்றாவது மாடிக்கும் நாலாவது மாடிக்கும் நடுவில் நின்றிருந்தது. அவரோடு வேறு யாரோ இரண்டு பேர் இருந்தார்கள்.

"பயப்படாதீங்கம்மா. எவனோ ஒரு கேனப்பய மெயினை அமத்திப்போட்டான். எங்க பங்காளி மேலதான் இருக்கறான். மோட்டாருன்னா அவன மிஞ்ச ஆளு கெடையாது."

"நீங்களும் பாட்டுக் கேக்க வந்தீங்களாக்கும்?" என்று ஒரு ஆண் குரல், அவர் காதுக்கு எட்டும்படி கத்திக் கேட்டது.

"பாட்ட ஆருங்க கேட்டா? மாப்பிள்ளை விசாரிக்க வந்தமுங்க."

"எந்த மாப்பிள்ளைங்க?" இது ஒரு அம்மா.

"மேல நடுவால நிக்கறானுங்களே, கருப்புச் சட்ட, ஒல்லியா, அந்தப் பையன்."

லிஃப்டுக்குள் யாரோ தொண்டையைச் செருமினார். பிறகு அந்த ஆள், "பையன் எப்பிடிங்க?" என்று கேட்டார்.

"தங்கமுங்க. தண்ணியத் தவிர ஒண்ணுந் தொடல. நாங்கதான் ஆளுக்கு ரெண்டு பீரு. ஆனா பங்காளி வேண்டாம்னு சொல்லப் போறானாமா."

"ஏனுங்க?"

"அவனுக்குப் பாட்டுப் புரியலையாமா. அத வெளிய சொல்ல வெக்கமாமா. அதனால பையன் சரியில்லைன்னு சொல்லிப்போடறேங்கறான்."

நான் அந்த ஓட்டை மேல் மண்டி போட்டிருந்தேன். அதில் குதித்துவிடலாமா என்றுகூட அளவு பார்த்தேன். அப்போது என் பின்னாலிருந்து ஒரு வெளிச்சம் விழுந்தது. திரும்பினால் நவீன், கையில் செல்போனோடு நின்றிருந்தான். எவ்வளவு நேரமாக நின்றான் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

"மாமா, பீஸ் கட்ட உங்ககிட்டத்தானுங்களே இருக்குது?"

தெரியாத ஆளை எங்கள் பக்கத்துப் பையன்கள் அண்ணா என்பார்கள். மாமா என்று சொன்னால் விஷயம் தெரிந்துவிட்டது என்று அர்த்தம்.

"உனக்கு எப்பிடிச் சாமி தெரியும்?"

"நாங்களும் ஆஸ்பத்திரில மெஷினத் தொறந்தா கழட்டிப் பையில போட்டுக்குவமுங்க."

"அதில்ல. நான் மாமன்னு."

"சௌமியா நேத்தே சொல்லிருச்சுங்க. அந்த டேபிளே நாந்தான் சொல்லி வெச்சேன்."

ஆக, மாப்பிள்ளை குடிக்கிறானா என்று நான் பார்க்கப் போக, நான் குடிப்பதை மாப்பிள்ளை மேடையில் நின்றபடி ஒன்றரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். "லிஃப்டுல எங்க அப்பா, அம்மா இருக்கறாங்க" என்று மெதுவாகச் சேர்த்துக்கொண்டான். "முதத் தடவையா பாட்டுக் கேக்க வந்தாங்க."

ஏணியில் இறங்கினேனா விழுந்தேனா என்று ஞாபகம் இல்லை. இருட்டில் பைகளைத் தடவி, கட்டைகளை எடுத்து மாட்டி, இரண்டு மெயினையும் தூக்கினேன். பாரில் விளக்கு எரிந்தது. கூடவே உறுமல் சத்தமும் கேட்டது.

இந்த முறை நான் ஏமாறத் தயாராக இல்லை. ஏணி மேலே நின்ற நவீனைப் பார்த்துப் பெரிய மனுஷன் மாதிரி சிரித்தேன். "உம் பாட்டுதானே சாமி? நல்லா இருக்குது. நின்ன எடத்துல இருந்தே வருது பாரு."

"மாமா, லேப்டாப்ப மூடி வெச்சுப்போட்டு வந்தேனுங்க."

வார்னிஷ் வாடை வந்தது. இந்த முறை நிஜமாகவே வந்தது. கீழே பொன்னுசாமி நாலாம் நம்பர் பட்டனை விடாமல் அமுக்கிக்கொண்டிருக்க, மேலே மோட்டார் சுற்ற முடியாமல் எருமையாக முனகியது. நான் மெயினை இறக்கி, கட்டைகளை எண்ணினேன். ஐந்து. முழங்கால் பக்கத்துப் பையில் கை விட்டேன். அங்கே ஆறாவது கட்டை இருந்தது. லிஃப்டுக்கு மூன்று பேஸில் இரண்டை மட்டும் கொடுத்து, கால் மணி நேரம் முன்பு எதை நினைத்துப் பயந்து ஓடினேனோ அதை என் கையாலேயே செய்து முடித்திருந்தேன். இனி ஆறாவதை மாட்டியும் பயனில்லை, காயில் கருகிவிட்டது.

பழைய லிஃப்டுகளில் கையால் சுற்றுவதற்கு மோட்டார் ஓரத்தில் ஒரு சக்கரம் இருக்கும். நவீன் பிரேக்கைத் தளர்த்திப் பிடிக்க, நான் சுற்றினேன். எனக்கு மூச்சு வாங்கியதும் நான் பிடிக்க, அவன் சுற்றினான். ஒரு முழுச் சுற்றுக்கு லிஃப்ட் விரல் அகலம்தான் ஏறும். அவ்வளவு நேரம் ஒருவனோடு முகத்துக்கு முகம் பேசாமல் சக்கரம் சுற்ற முடியாது.

"அந்த உறுமல் எங்க புடிச்ச?"

"எங்க தோட்டத்துக் கெணத்து மோட்டாருங்க. ஒரு பேஸ் போயி எரியறதுக்கு முன்னால ரெக்கார்டு பண்ணுனேன்."

"நிறுத்தாம ரெக்கார்டு பண்ணுனியா?"

"ஆமாங்க. அப்பா ரெண்டு நாளு எங்கூடப் பேசல."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவனுக்கும் வந்தது. பிரேக் நழுவி லிஃப்ட் ஒரு சாண் இறங்கியது. கீழே இருந்து பொன்னுசாமி எங்கள் இரண்டு பேரின் வம்சத்தையும் விசாரித்தார்.

அரை மணி நேரம் கழித்துக் கதவைத் திறந்தோம். முதலில் பொன்னுசாமி வெளியே வந்தார். "பங்காளி, இவிய ரொம்ப நல்ல மனுசங்க. எல்லாத்தையும் சொல்லியிருக்கறேன்" என்றார்.

பின்னால் வந்தவர் வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு என் டீசர்ட்டில் இருந்த மண்டையோட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"நாங்கதானுங்க அந்தப் பையனப் பெத்தவிய. அவம் பாட்டு எங்களுக்கும் புரியாதுங்க. அதுக்காவ பையன வேண்டாம்னு சொல்லிப்போட முடியுங்களா?"

அந்த அம்மா கரி படிந்திருந்த என் இரண்டு கையையும் பார்த்துவிட்டு, முந்தானையிலிருந்த கைக்குட்டையை எடுத்துக் கொடுத்தார். அதை வாங்கித் துடைக்கத் தெரியாமல் நின்றேன். அன்றைக்கு யார் யாரை விசாரித்தார்கள் என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

ராத்திரி அக்கா வீட்டுக்குப் போய், "பையன் தங்கம்க்கா. பாட்டு எனக்குப் புரியல. ரெண்டும் வேற வேற" என்றேன். சௌமியாவின் போன் வழியாக அக்கா எல்லாவற்றையும் ஏற்கெனவே கேட்டு முடித்திருந்தாள். சௌமியா உள்ளே சிரிப்பை அடக்க முடியாமல் கதவைச் சாத்திக்கொண்டாள். திங்கட்கிழமை பூ வைத்தார்கள். வைகாசியில் கல்யாணம். அதற்குள் அந்த மோட்டாரை இறக்கிக் கொண்டுவந்து நானே காயில் கட்டிக் கொடுத்தேன். ஒன்பது நாள் ஆயிற்று. ஒன்பது நாளும் அந்தப் பாருக்கு ஆட்கள் நாலு மாடி ஏறித்தான் குடித்தார்கள்.

இன்றைக்கும் வீட்டில் மிக்ஸி கொஞ்சம் இழுத்து ஓடினால் போதும், "மாமாவக் கேளுங்க, அவருக்குக் கால் மணி நேரம் முன்னாலயே கேட்டிருக்கும்" என்பாள் சௌமியா. நவீன் தட்டைப் பார்த்துக் குனிந்துகொள்வான். புதிதாக யாராவது விருந்துக்கு வந்திருந்தால், ஆபத்தில் இருந்த மூன்று பேரை நான் சக்கரம் சுற்றி மீட்டதாகக் கதையை ஆரம்பித்துப் பார்ப்பேன். இரண்டாவது வாக்கியத்தைத் தாண்ட விட்டதில்லை. எப்படியும் வெளியே வரப்போகிறது, நானே எழுதிவிடுகிறேன். அந்த லிஃப்ட் மோட்டாருக்கு ஒரு குறையும் இல்லை. நான் போகும்வரை நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. எரித்தது நான்.